அவரவர்க்கு உரியது

வைமார் நகரத்தில், இல்ம் என்னும் சிறு நதியின் இரு கரைகளிலும் விரிந்து கிடக்கும் உத்தியானத்தில், மகாகவி கதே சில காலம் வாழ்ந்த தோட்டத்து வீட்டுக்கு அருகே ஒரு கல் இருக்கிறது. சதுரமாகச் செதுக்கிய ஒரு பெருங்கல், அதன் தலையில் உருண்டையாகக் கடைந்த இன்னொரு கல், அவ்வளவுதான். சிற்பம் என்று ரசிக்க அதில் ஓர் அங்கம் இல்லை. தெய்வம் என்று கும்பிட ஒரு முகம் இல்லை. 1777-ஆம் ஆண்டில், இருபத்தேழு வயது இளைஞராக இருந்த கதே அதை அங்கே நிறுவி, கிரேக்கர்கள் வணங்கிய பாக்கியதேவதையின் பெயரை அதற்குச் சூட்டினார். அசையாமல் நிற்பது சதுரம், எந்தக் கணத்திலும் உருண்டோடக் கூடியது கோளம். ஒன்றின் மேல் ஒன்று விழாமல் அமர்ந்திருக்கும் வரையில் மனிதனுக்கு நல்ல காலம். விதியைப் பற்றி எத்தனையோ பெரிய கிரந்தங்கள் சொல்ல முயன்று தடுமாறியதை, எழுத்தே இல்லாத இந்த இரண்டு கற்கள் சொல்லிவிட்டதாக அன்று காலை எனக்குத் தோன்றியது. மாலையில் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

அப்போது நான் பக்கத்து ஊரான யேனாவில் தத்துவம் படிக்கும் மாணவன். ரயிலில் ஏறினால் கால் மணி, இருபது நிமிஷத்தில் வைமார் வந்துவிடும். மாணவனுடைய பிரயாணம் என்றால் எப்படி இருக்குமென்று சொல்ல வேண்டியதில்லை. பையில் ரொட்டித் துண்டும் இரண்டு ஆப்பிளும், சட்டைப் பையில் திரும்பிப் போவதற்கான சீட்டு, மனசில் உலகத்தையே விளங்கிக்கொண்டுவிடலாம் என்ற துணிச்சல். ஏப்ரல் மாதம். இலைகள் அப்போதுதான் விடத் தொடங்கியிருந்தன. 1778-ஆம் ஆண்டு முதல் கதேயும் அவரை ஆதரித்த கார்ல் ஆகஸ்ட் பிரபுவும் சேர்ந்து அமைத்த அந்த உத்தியானத்தில், செடிகளைக் கத்தரித்துச் சிப்பாய்கள் போல் வரிசையில் நிறுத்தும் பழைய அரண்மனைத் தோட்டங்களின் கெடுபிடி எதுவும் இல்லை. புல்வெளி புல்வெளியாகவே கிடக்கிறது. நதி தன்னிஷ்டப்படி வளைகிறது. மரங்கள் தாமாகவே அங்கங்கே வந்து நின்றுவிட்டன போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொன்றும் ஒருவருடைய கண் தேர்ந்து நட்டது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு தாய்மார்கள் போனார்கள். ஒரு கிழவர் பெஞ்சில் உட்கார்ந்து தம் நாயோடு ஏதோ விவாதித்துக்கொண்டிருந்தார். மனிதன் இயற்கையோடு சமாதானம் செய்துகொண்டால் பூமி இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கத் தூண்டும் இடம் அது.

கதேக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பந்தம் உண்டு என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். காளிதாசனின் சாகுந்தலத்தை வில்லியம் ஜோன்ஸ் 1789-இல் ஆங்கிலத்தில் வெளியிட, அதிலிருந்து கியோர்க் ஃபோர்ஸ்டர் 1791-இல் ஜெர்மனில் பெயர்க்க, அதைப் படித்த கதே பரவசமடைந்து ஒரு சிறு கவிதையே எழுதினார். தம்முடைய ஃபாவுஸ்ட் நாடகத்துக்கு முன்னால் நாடகமேடையைப் பற்றிய ஒரு முன்னுரைக் காட்சியை வைத்ததும் காளிதாசனைக் கண்டே என்று சொல்வார்கள். புல்வெளியில் உட்கார்ந்து ஆப்பிளைக் கடித்துக்கொண்டே நான் இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். மகாபாரதத்துத் துஷ்யந்தன், சகுந்தலை யாரென்று நன்றாகத் தெரிந்துகொண்டே சபையில் தெரியாது என்கிறான். காளிதாசன் இடையில் துர்வாசருடைய சாபத்தைப் புகுத்தி, மறதியை அரசனுடைய குற்றமாக இல்லாமல் விதியின் விளையாட்டாக ஆக்கிவிட்டான். நாயகனைக் காப்பாற்றக் கவி செய்த சாதுரியம் என்று ரசித்தேனே ஒழிய, விதி என்னும் கருத்து உலகில் எப்போதும் யாரைக் காப்பாற்றப் பயன்படுகிறது என்ற கேள்வி அந்த நேரத்தில் எனக்கு எழவில்லை.

நகரத்திலிருந்து ஆறாம் எண் பேருந்து எட்டர்ஸ்பெர்க் என்னும் மலைக்கு ஏறுகிறது. எட்டுக் கிலோமீட்டர் தூரம். மலை என்று பெயரே தவிர, ஐந்நூறு மீட்டர் உயரம்கூட இல்லாத ஒரு நெடிய மேடு. தம் முதிய வயதில், 1827-ஆம் ஆண்டு செப்டம்பரில், கதே தம் சிஷ்யர் எக்கர்மனோடு வண்டியில் இந்த மேட்டுக்கு வந்து, வறுத்த கௌதாரியும் வெள்ளை ரொட்டியும் உண்டு, பொற்கிண்ணத்தில் திராட்சை ரசம் அருந்தி, இங்கே வந்தால் மனம் விசாலமாகிறது என்ற பொருள்படப் பேசியதை எக்கர்மன் எழுதி வைத்திருக்கிறார். அதே மேட்டின் மீது 1937-ஆம் ஆண்டு ஜூலையில் நாஜி அரசாங்கம் ஒரு வதைமுகாமைக் கட்ட ஆரம்பித்தது. முதலில் மலையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நகரத்துக் கலாசார சங்கத்தார் ஆட்சேபித்தார்கள். கதேயின் நினைவோடு கலந்துவிட்ட பெயர் கைதிகளின் முகாமுக்கு ஆகாது என்றார்கள். முகாமை ஆட்சேபிக்கவில்லை, பெயரைத்தான் ஆட்சேபித்தார்கள். அரசாங்கமும் அவர்களுடைய இலக்கிய உணர்ச்சிக்கு மதிப்புக் கொடுத்து, பீச் என்னும் மரங்கள் அடர்ந்த காடு என்று அர்த்தப்படும் புக்கன்வால்ட் என்ற பெயரைச் சூட்டியது. பேருந்து போகும் சாலையின் மேற்பகுதி கைதிகளே போட்டது. இரத்தச் சாலை என்று அதற்குப் பெயர்.

முகாமின் வாயிலில் ஓர் இரும்புக் கதவு. கதவின் கம்பிகளுக்கு நடுவே இரும்பில் வார்த்த மூன்று ஜெர்மன் சொற்கள். அவரவர்க்கு உரியது அவரவர்க்கு என்பது அவற்றின் அர்த்தம்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற இடங்களில் வாயிலில் எழுதும் வாசகம் உள்ளே வருகிறவன் படிப்பதற்காக வெளிப்புறம் பார்த்து இருக்கும். புக்கன்வால்டில் அது உட்புறம் பார்த்து இருக்கிறது. கைதிகள் ஆஜர் கொடுக்க வரிசையில் நிற்கும் மைதானத்திலிருந்து அவர்கள் நாள்தோறும் படிக்கட்டும் என்று அப்படி அமைத்தார்கள். வெளியிலிருந்து வருகிற நமக்கு எழுத்துக்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறித் தெரிகின்றன. நான் சிறிது நேரம் கதவின் முன் நின்று எழுத்துக்கூட்டிப் பார்த்து, முடியாமல், உள்ளே போய்த் திரும்பிப் பார்த்த பிறகுதான் படித்தேன்.

அந்த எழுத்துக்களை வரைந்தவரும் ஒரு கைதியே. ஃப்ரான்ஸ் எர்லிக் என்ற கம்யூனிஸ்டு. பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். அந்தப் பள்ளி பிறந்ததே 1919-இல் இந்த வைமார் நகரத்தில்தான். நாஜிகளுக்குக் கண்ணிலே முள்ளாக இருந்து 1933-இல் மூடப்பட்டது. கட்டளையை மீற முடியாத எர்லிக், கட்டளையிட்டவர்கள் வெறுத்த அந்தப் பள்ளியின் எழுத்துமுறையிலேயே சொற்களை வடித்துக் கொடுத்தார். காவலர்களுக்கு அது கடைசிவரை தெரியவில்லை. கலைஞனுடைய பிரதிக்ஞை சில சமயம் எவ்வளவு மெல்லிய கோட்டில் ஒளிந்துகொள்கிறது!

வாசகம் நாஜிகள் கண்டுபிடித்ததும் அல்ல. ரோமாபுரித் தர்மசாஸ்திரத்தின் மூலவாக்கியங்களில் ஒன்று அது. நீதி என்றால் என்ன என்று கேட்டால், அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுப்பதே நீதி என்று அந்நாட்டுச் சட்டநிபுணர்கள் விடை சொன்னார்கள். பிரஷ்ய மன்னர்கள் தங்கள் உயர்ந்த விருதில் அதைப் பொறித்தார்கள். சங்கீத மேதை பாக் வைமாரில் உத்தியோகம் பார்த்த காலத்தில், 1715-ஆம் ஆண்டில், இந்தச் சொற்களையே தலைப்பாகக் கொண்ட ஒரு கீர்த்தனத்தொகுதியை இங்கே ஆலயத்தில் அரங்கேற்றினார். நீதிமன்றத்துக்கும் அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் பொதுவாக இருந்த ஒரு நல்ல வார்த்தை, அரிச்சுவடி எழுத்துக்கூட மாறாமல், வதைமுகாமின் கதவில் ஏறிக்கொண்டது. அது எப்படி ஏறிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையில் என் விசாரணை.

உள்ளே பார்க்க அதிகம் இல்லை என்பதே முதல் பார்வையில் ஏற்படும் எண்ணம். கைதிகளின் மரக்கொட்டகைகள் அகற்றப்பட்டு, அவை இருந்த இடங்கள் சல்லியால் அடையாளம் காட்டப்பட்டிருக்கின்றன. சரிவில் ஒரே வெட்டவெளி, ஓயாத காற்று. 1937 முதல் 1945 வரை, ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த சுமார் 2,80,000 பேர் இந்த முகாமிலும் இதன் கிளைகளிலும் அடைக்கப்பட்டார்கள். சுமார் 56,000 பேர் மாண்டார்கள். ஆஷ்விட்ஸைப் போல் விஷவாயுக் கூடங்கள் இங்கே இல்லை. பட்டினி, நோய், கல்லுடைக்கும் வேலை, துப்பாக்கி ஆகியவையே போதுமாக இருந்தன. 1938 நவம்பரில் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் ஜெர்மனி எங்கும் எரிக்கப்பட்ட வாரத்தில், ஏறக்குறைய பதினாயிரம் யூத ஆண்களை இங்கே கொண்டுவந்து தள்ளினார்கள். போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஆஷ்விட்ஸிலிருந்து திறந்த ரயில்வண்டிகளில் வந்து சேர்ந்தவர்களை, சிறிய முகாம் என்று சொல்லப்பட்ட மூலையில் அடைத்தார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற எலீ வீசல், பதினாறு வயதுப் பையனாக, அங்கேதான் தம் தகப்பனாரை இழந்தார்.

ஒரு குதிரை லாயம் இருந்தது. அதை வைத்திய பரிசோதனை அறைபோல ஜோடித்து, சோவியத் யுத்தக் கைதிகளை ஒவ்வொருவராக உயரம் அளக்கும் கோலின் முன் நிறுத்தி, கோலில் இருந்த துவாரத்தின் வழியாகப் பின்கழுத்தில் சுட்டார்கள். இப்படிக் கொல்லப்பட்டவர்கள் எண்ணாயிரத்துக்கு மேல். சுடுகாட்டுக் கட்டடம் இன்றும் முழுமையாக நிற்கிறது. உள்ளே இருக்கும் உலைகள் பக்கத்து எர்ஃபுர்ட் நகரத்து டாப்ஃப் கம்பெனியார் செய்து கொடுத்தவை. அவர்கள்தான் ஆஷ்விட்ஸுக்கும் செய்து கொடுத்தார்கள். அதற்கு முன்னே, 1940 வரையில், மாண்டவர்களை வைமார் நகராட்சியின் மயானத்துக்கே கொண்டுபோய் எரித்தார்கள். எனவே, 1945 ஏப்ரல் 16-ஆம் தேதி அமெரிக்கப் படையினர் நகரவாசிகள் ஆயிரம் பேரை நடத்தி மலைக்கு அழைத்துவந்து முகாமைப் பார்க்கச் செய்தபோது, எங்களுக்கு ஒன்றும் தெரியாதே என்று அவர்கள் கதறியதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

உத்தியானத்தைக் காலையில் பார்த்துவிட்டு வந்தவனுக்கு, முகாமில் வேறு இரண்டு காட்சிகள் மனத்தை அதிகமாகக் குடைந்தன. ஒன்று, ஓர் அடிமரம். காட்டை வெட்டித் திருத்தியபோது ஒரே ஒரு பெரிய ஓக் மரத்தை வெட்டாமல் விட்டார்கள். கைதிகள் அதைக் கதேயின் மரம் என்றார்கள். கதே அதன் நிழலில் உட்கார்ந்ததற்குச் சாட்சி ஏதும் இல்லை. 1944 ஆகஸ்டில் நேசநாட்டு விமானங்கள் முகாமை அடுத்த ஆயுதத் தொழிற்சாலையைத் தாக்கியபோது அது தீப்பற்றியது, பிறகு வெட்டினார்கள். அடிக்கட்டை இன்றும் இருக்கிறது. மற்றது, வேலிக்கு வெளியே, சுடுகாட்டுக்கு எதிரே, சில அடி தூரத்தில், காவலர்களும் அவர்கள் மனைவி மக்களும் பொழுதுபோக்குவதற்காக அமைத்த ஒரு சிறு மிருகக்காட்சிச் சாலை. கரடிகள் இருந்த கற்குழியின் சுவர்களை இன்றும் காணலாம். ஆக, அங்கேயும் ஓர் உத்தியானம் இருந்தது. குழந்தைகளை அழைத்து வந்து கரடிக்கு உணவு போடுவதை வேடிக்கை காட்டினார்கள். வேலிக்கு அப்பால் மனிதர்கள் பட்டினியால் விழுந்துகொண்டிருந்தார்கள். இயற்கையை நேசிப்பவன் மனிதனை நேசிப்பான் என்று காலையில் நான் கட்டிய அனுமானம் அந்தக் குழியில் விழுந்தது.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, இவற்றையெல்லாம் என் அத்தைப் பாட்டியிடம் சொன்னேன். எண்பது வயதைக் கடந்தவள். திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு, இடையில் ஒரு வார்த்தையும் பேசாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். குழந்தைகளும் இருந்தார்களா என்று மட்டும் ஒரு தரம் கேட்டாள். விடுதலையான அன்று அங்கே இருந்த 21,000 பேரில் ஏறக்குறைய 900 பேர் சிறுவர்கள் என்று சொன்னேன். கடைசியில் பெருமூச்சு விட்டு, “போன ஜன்மத்திலே என்ன பாவம் பண்ணினாங்களோ, பாவம்!” என்றாள்.

நான் திடுக்கிட்டுப் போனேன். இரும்புக் கதவின் மூன்று சொற்கள், ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, ஓர் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத கிழவியின் வாயிலிருந்து தமிழில் வெளிவந்தன. அவரவர் வினை அவரவர்க்கு என்றால் என்ன, அவரவர்க்கு உரியது அவரவர்க்கு என்றால் என்ன? கோபம் வந்தது, ஆனால் அவள் மீது கோபிக்க முடியவில்லை. ஏனென்றால், அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பாவம் இருப்பதைக் கவனித்தேன். முதல் பாவம் குற்றம். இரண்டாவது பாவம் இரக்கம். செய்தவன் தலையில் வைக்கும் சொல்லையே, பட்டவனைக் கண்டு உருகும்போதும் நாம் சொல்கிறோம். வேறு பாஷைகளில் இதுபோல் உண்டோ என்னவோ. நம்முடைய பாஷையில் குற்றப்பத்திரிகையும் கண்ணீரும் ஒரே எழுத்துக்களால் ஆனவை. பாட்டியின் நெஞ்சு சொன்னது இரண்டாவது பாவத்தை. முதல் பாவத்தைச் சொன்னது அவளுக்கு யாரோ கற்றுக்கொடுத்த பாடம்.

யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் அவள் புருஷனை இழந்தாள். அன்று முதல் என் கர்மம், என் கர்மம் என்று சொல்லிச் சொல்லியே வெள்ளைப் புடவையில் அறுபது வருஷத்தைக் கழித்துவிட்டாள். அந்தச் சொல் அவளைத் தாங்கியது உண்மை. அது இல்லாதிருந்தால் கிணற்றில் விழுந்திருப்பேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் அதைத் தானாகச் சொல்லிக்கொள்வதற்கு முன்பு, ஊராரும் உறவினரும் வீட்டு வாசலில் நின்று, இவள் கர்மம், இவள் ஜாதகம் என்று சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. அவள் கர்மத்துக்கு அவளே பொறுப்பு என்றான பிறகு, அவளுக்கு நல்ல சாப்பாடு போடவோ, படிக்க வைக்கவோ, மறுவாழ்வு தரவோ எவருக்கும் கடமை இல்லை அல்லவா?

கர்ம சித்தாந்தத்தை நான் ஏளனம் செய்வதாக எவரும் எண்ணலாகாது. உலகில் துக்கம் ஏன் என்ற கேள்விக்கு மனித புத்தி கண்ட விடைகளில் அது மிகவும் கம்பீரமானது. எவரிடத்திலும் பட்சபாதம் இல்லாத நியதி. லஞ்சத்துக்கும் ஸ்தோத்திரத்துக்கும் மசியாத கணக்கு. இன்று அழுகிறவனுக்கு என்றேனும் ஒரு நாள் வழி பிறக்கும் என்ற வாக்குறுதி. கடவுள் ஒருவர் சர்வ வல்லமையோடும் சர்வ தயையோடும் இருக்கிறார் என்று கொண்டவர்களுக்கு, ஆஷ்விட்ஸுக்குப் பிறகு விடை சொல்வது எளிதாக இல்லை. தாயாரை அங்கே பறிகொடுத்த தத்துவஞானி ஹன்ஸ் யோனாஸ், 1984-இல் ஒரு சொற்பொழிவில், கடவுளின் தயையைக் காப்பாற்றுவதற்காக அவருடைய வல்லமையையே விட்டுக்கொடுத்தார். நம்மவர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சங்கடம் இல்லாமல் இருப்பதே இங்கே ஒரு குறை என்று எனக்குத் தோன்றுகிறது. தொள்ளாயிரம் குழந்தைகளை ஒரு கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக எழுதி முடித்து, நிம்மதியாகத் தூங்கச் செய்கிற சித்தாந்தம் எங்கோ பிசகியிருக்க வேண்டும்.

யூதர்களிடையிலும் மறுபிறவிக் கொள்கை உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்களுடைய ரகசிய ஞானமார்க்கமான கபாலாவில் அதற்கு இடம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில், இஸ்ரேலின் முன்னாள் தலைமை ரபிகளில் ஒருவரான ஓவதியா யோசேஃப், மாண்ட அறுபது லட்சம் பேரும் முற்பிறவிகளில் பாவம் செய்த ஆத்மாக்களின் மறுஜன்மங்கள் என்று பிரசங்கம் செய்தார். நாடே கொதித்தது. முகாம்களில் உயிர் பிழைத்த முதியவர்கள் துடித்துப் போனார்கள். ஓர் இந்து பண்டிதர் இப்படிப் பேசியிருந்தால் நம் ஊரில் எவரும் கொதித்திருக்க மாட்டார்கள் என்பதை நினைத்து நான் வெட்கப்பட்டேன்.

அவர்கள் கொதித்ததற்கு அவர்கள் வேதத்திலேயே ஆதாரம் உண்டு. யோபு என்ற உத்தமன் செல்வத்தையும் மக்களையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று சிநேகிதர்கள் பார்க்க வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்து வாய் பேசாமல் இருக்கிறார்கள். அதுவரையில் அவர்கள் சிநேகிதர்கள். பிறகு வாயைத் திறக்கிறார்கள்: நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது வருமா என்று ஒருவர் பின் ஒருவராக நியாயம் பேசுகிறார்கள். கடைசியில் கடவுள் தோன்றி, தம்மை எதிர்த்து வழக்காடிய யோபுவை அல்ல, தமக்காகப் பரிந்து பேசிய அந்தச் சிநேகிதர்களையே கண்டிக்கிறார்.

நம் தமிழிலும் இதற்குச் சமமான இடம் உண்டு. இளங்கோவடிகள் ஊழ்வினையைத் தம் காவியத்தின் மூன்று தூண்களில் ஒன்றாக வைத்தவர். கோவலன் முற்பிறவியில் கலிங்கநாட்டில் பரதன் என்ற பெயரோடு, சங்கமன் என்னும் நிரபராதியான வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். அந்த வினையே மதுரையில் அவனைக் கொன்றது. இதை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்கிறது. எப்போது சொல்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். கண்ணகி சிலம்போடு சபைக்குப் போய், வழக்குரைத்து, சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டி, பாண்டியன் தன் குற்றத்தை உணர்ந்து சிங்காதனத்திலிருந்து விழுந்து மாண்டு, நகரம் தீப்பற்றிய பிறகுதான் அந்தக் கதை வருகிறது. முதலிலேயே வந்திருந்தால் பாண்டியனுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! அம்மா, உன் கணவனை நான் கொல்லவில்லை, அவன் வினை கொன்றது என்று சொல்லிவிட்டு அவன் நிம்மதியாக ஆசனத்தில் சாய்ந்திருக்கலாம். இளங்கோ அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஊழ் இருக்கிறது, ஆனால் அரசனுடைய சபையில் அது சாட்சி சொல்ல முடியாது. காளிதாசன் சாபத்தை அனுப்பித் துஷ்யந்தனை விடுவித்தான்; இளங்கோ ஊழைக் காக்க வைத்துப் பாண்டியனைத் தண்டித்தார். கதே சாகுந்தலத்தோடு சிலப்பதிகாரத்தையும் படிக்க நேர்ந்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ என்று ஆசைப்படுவது வீண். அந்தக் காவியம் நமக்கே அச்சில் கிடைத்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தானே.

வள்ளுவர் விஷயத்தில் நாம் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். பல்லக்கைச் சுமக்கிறவனையும் அதில் ஊர்ந்து போகிறவனையும் சுட்டிக்காட்டும் குறளுக்குப் பரிமேலழகர், அறத்தின் பயனை இந்த இருவரையும் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், நூல் வேண்டாம் என்று உரை கண்டார். பிற்காலத்தவர் சிலர், இவ்விருவரையும் காட்டி அறத்தின் வழி இதுவென்று சொல்லாதே என்றல்லவா பொருள் என்று தர்க்கித்தார்கள். இலக்கண நியாயம் எப்பக்கம் என்று தீர்ப்பளிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் மனிதன் பிச்சையெடுத்துத்தான் பிழைக்க வேண்டுமென்று விதித்திருந்தால் அப்படி விதித்தவனே அலைந்து கெடட்டும் என்று சபித்த அதே புலவர், பல்லக்கின் கீழ் வியர்வை சிந்துகிறவனைப் பார்த்து, இது உனக்கு உரியதுதான் என்று சொல்லியிருப்பார் என நம்ப என் மனம் இடம் கொடுக்கவில்லை.

இதற்குப் பதிலாகச் சித்தாந்திகள் ஒன்று சொல்வார்கள்: கொன்றவனுக்கும் கர்மம் உண்டு, அவன் தப்ப மாட்டான், ஆகவே கர்மம் கொலைகாரனுக்குத் துணை அல்ல என்று. சரி. ஆனால் வரப்போகும் ஜன்மத்தில் தண்டனை என்பது, இந்த ஜன்மத்தில் தண்டிக்க வேண்டியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு ஏற்ற சமாதானமாகவும் ஆகிவிடுகிறதே. அது போகட்டும், எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1945 முதல் 1950 வரை சோவியத் அதிகாரிகள் அதே முகாமில் ஜெர்மானியர்கள் சுமார் 28,000 பேரை அடைத்து வைத்தார்கள். 7,000-க்கு மேற்பட்டவர்கள் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். நாஜிக் கட்சியின் சிறு உத்தியோகஸ்தர்கள் பலர். ஒரு குற்றமும் அறியாதவர்களும் அவர்களில் உண்டு. முகாமின் பின்புறத்துக் காட்டில், அவர்கள் புதைந்த இடங்களில் மெல்லிய எஃகுத் தூண்கள் மரங்களோடு மரங்களாக நிற்கின்றன. அவற்றின் நடுவே நடந்தபோது, நன்றாக வேண்டும் இவர்களுக்கு என்று என் மனம் சொன்னது. சொல்லி முடித்த மறுகணம் தெரிந்தது, நான் கதவின் வாசகத்தைப் படித்துவிட்டேன் என்று. அதுவும் வெளிப்புறத்தில் நின்றுகொண்டு.

என் கர்மம் என்று ஒருவன் சொல்லிக்கொள்ளட்டும். அதை மறுக்க எனக்கு உரிமை இல்லை, என் அத்தைப் பாட்டியிடமிருந்து அதைப் பறிக்கவும் மாட்டேன். உன் கர்மம், அவன் கர்மம் என்று சொல்ல எவருக்கு அதிகாரம்? அந்த எழுத்துக்கள் வெளியே நிற்பவனுக்கு இடம் வலம் மாறித்தான் தெரியும்.

அப்படியானால் வதைமுகாமில் மதத்துக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். வாயிற்கட்டடத்தின் ஒரு சிறகில் வரிசையாக இருட்டறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் பவுல் ஷ்னைடர் என்ற புரோட்டஸ்டண்டு பாதிரியார் ஓராண்டுக்கு மேல் தனிமைச் சிறையில் கிடந்தார். 1938-இல் ஹிட்லரின் பிறந்த நாளன்று நாஜிக் கொடிக்குத் தொப்பியைக் கழற்ற மறுத்ததற்காக அங்கே தள்ளப்பட்டவர். மைதானத்தில் ஆயிரக்கணக்கான கைதிகள் வரிசையில் நிற்கும் சமயம் பார்த்து, அறையின் ஜன்னலைப் பற்றிக்கொண்டு, வேதவாக்கியங்களை உரக்கச் சொல்லுவார். இங்கே கொலை நடக்கிறது என்று கொலை செய்பவர்களின் முகத்துக்கு நேரே கூவுவார். சில வார்த்தைகளுக்குள் தடியடி விழும், குரல் நின்றுபோகும். மறுபடி ஒரு நாள் கேட்கும். 1939 ஜூலை 18-ஆம் தேதி முகாம் வைத்தியர் ஊசி போட்டு அவரைக் கொன்றார். துன்பம் ஏன் வருகிறது என்று அவர் யாருக்கும் வியாக்கியானம் செய்ததாகத் தெரியவில்லை. செய்தவன் யார் என்பதை மட்டும் பெயர் சொல்லி அழைத்தார். மதம் என்று ஒன்று அந்த மலையில் இருந்தது என்றால் அது அந்த ஜன்னலில்தான் இருந்தது.

மைதானத்தில், தரையோடு தரையாக, ஓர் உலோகப் பலகை பதித்திருக்கிறார்கள். விடுதலைக்குப் பிறகு, 1945 ஏப்ரல் 19 அன்று, பிழைத்த கைதிகள் மரத்தால் ஒரு ஸ்தூபி நட்டு மாண்டவர்களுக்கு அஞ்சலி செய்த இடம் அது. பலகையை 1995-இல் ஹோர்ஸ்ட் ஹோஹைசல், ஆந்த்ரேயாஸ் க்னிட்ஸ் என்ற இரு கலைஞர்கள் அமைத்தார்கள். அங்கே அடைபட்டிருந்தவர்களின் தேசங்களுடைய பெயர்கள் அதில் இருக்கின்றன. வேறு உபதேசம் ஒன்றும் இல்லை. வருஷம் முழுவதும், பனி கொட்டும் ஜனவரியிலும், அந்தப் பலகையை 37 டிகிரிச் சூட்டில் வைத்திருக்கிறார்கள். மேலே விழும் பனி உருகிவிடுகிறது. பார்க்க வருகிறவர்கள் மண்டியிட்டு உள்ளங்கையை அதன் மேல் வைக்கிறார்கள். நானும் வைத்தேன். ஜுரம் இல்லாத ஒருவருடைய நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது.

இதை ஊரில் சொல்ல மறந்துவிட்டேன். பிறகு கடிதத்தில் எழுதினேன். அத்தைப் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. என் தங்கை படித்துக் காட்டினாளாம். கேட்டுவிட்டு, “பாவம்” என்று ஒரே ஒரு தரம் சொன்னாளாம்.

வைமாருக்குப் போகிற மாணவர்கள் உத்தியானத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்; பகலுக்குள் ஆறாம் எண் பேருந்தைப் பிடியுங்கள். நினைவிடத்துக்குக் கட்டணம் இல்லை. மேலே எந்தப் பருவத்திலும் காற்று அதிகம். கம்பளிச் சட்டை எடுத்துப் போக மறக்காதீர்கள்.